வேலை மேசைக்கு அடித்தட்டு: பலகையை நீளவாக்கில் போடுவதா, குறுக்கே போடுவதா?

மொட்டைமாடிப் பட்டறை (திருச்சி), மே 3

வணக்கம். பழைய பேலட் பைன் கட்டைகளை ஒட்டிச் செய்த வேலை மேசைக்கு அடியில் கெட்டி மரத்தில் ஒரு தட்டு போட வேண்டும். அளவுகள்: மேல்பலகை 5 அடிக்கு 2 அடி. கால்கள் 3 இஞ்ச் சதுரம். நீளவாக்கில் இரு கால்களுக்கு நடுவே 48 இஞ்ச். முன்னும் பின்னும் தரையிலிருந்து 7 இஞ்ச் உயரத்தில் நீளச் சட்டம் ஓடுகிறது, கனம் 1½ இஞ்ச், காலின் வெளிமுகத்தோடு சமமாக இருக்கிறது. முன்சட்டத்துக்கும் பின்சட்டத்துக்கும் நடுவே உள்ளளவு 19 இஞ்ச். இரண்டு பக்கத்திலும் குறுக்குச் சட்டமும் உண்டு.

என் திட்டம் இது: 6 நூல் (எட்டு நூல் ஒரு இஞ்ச்) கனத்தில் 9 இஞ்ச் அகல ரப்பர்வுட் பலகை இரண்டை நீளவாக்கில் பக்கம் பக்கமாக ஃபெவிகால் போட்டு ஒட்டி, ஒரே பலகையாக்கி, இரு பக்கக் குறுக்குச் சட்டத்தின் மேல் வைத்து ஸ்க்ரூ அடித்துவிடுவது. மேலே வரப்போகும் பாரம்: இரண்டு டூல் பாக்ஸ், ஒரு பெஞ்ச் கிரைண்டர், கிளாம்ப்புகள், மிச்சக் கட்டைகள். எல்லாம் சேர்த்து 120 முதல் 150 கிலோ வரும்.

கனம் போதுமா? வேறு எந்த மரம் நல்லது? எண்ணெய் அடிக்க வேண்டுமா, சும்மா விடலாமா?

---

நார்வாக்கு, மே 3

மரத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் பலகையின் திசையை மாற்றுங்கள். நீளவாக்கில் போட்டால் பலகை தாண்ட வேண்டிய இடைவெளி 48 இஞ்ச். முன்சட்டத்திலிருந்து பின்சட்டத்துக்குக் குறுக்கே போட்டால் 19 இஞ்ச்சுக்கும் குறைவு. நடுவில் ஒரு பாரத்தை வைத்தால் பலகை எவ்வளவு தொய்யும் என்பது அந்த இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 1200 மி.மீ.யை 450 மி.மீ.யால் வகுத்து மும்மடி எடுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 19. அதாவது அதே பலகை, அதே பாரம், தொய்வு மட்டும் 19 மடங்கு.

எண்ணாகச் சொன்னால், 100 மி.மீ. அகலம் 20 மி.மீ. கனமுள்ள ஒரே ஒரு பலகையின் நடுவில் 60 கிலோ கிரைண்டரை இறக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே போட்டிருந்தால் 1.7 மி.மீ. தொய்யும். நீளவாக்கில் போட்டிருந்தால் 32 மி.மீ. வரும். பாரம் பக்கத்துப் பலகைகளுக்கும் பகிரும்போது இரண்டுமே குறையும், ஆனால் விகிதம் மாறாது. கூடவே, மரம் பாரத்திலேயே மாதக்கணக்கில் நின்றால் முதல் நாள் தொய்வோடு நிற்காது, மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும். அதனால் தொடக்கத் தொய்வு சிறியதாக இருப்பது முக்கியம்.

இரண்டாவது, ஒட்டி ஒரே பலகையாக்குவது வேண்டாம். குறுக்கே போட்ட பலகைகளை எல்லாம் ஒட்டினால் இன்னும் மோசம். மரம் நீளத்தில் அசையாது என்றே கொள்ளலாம், அகலத்தில்தான் ஊதும், சுருங்கும். சுற்றுக் காற்றில் ஈரப்பதம் 50 சதவீதம் இருக்கும்போது மரத்துக்குள் சுமார் 9 சதவீத ஈரம் நிற்கும். காற்றின் ஈரப்பதம் 80-ஐத் தொட்டு சில வாரம் நீடித்தால் அது 15, 16-க்குப் போகும். திருச்சியில் மே மாதத்துக்கும் நவம்பருக்கும் இடையே 4 சதவீத ஈர வித்தியாசம் என்று கணக்குப் போடுவது மிகையில்லை. தேக்கு நிதானமான மரம், ஒரு சதவீத ஈரத்துக்குச் சுமார் 0.18 சதவீதம் அசையும். ஒட்டிய தட்டு 1200 மி.மீ. அகலம் என்றால் கிட்டத்தட்ட 9 மி.மீ. ஊதும். அதிகம் அசையும் மரத்தில் 13 மி.மீ. வரை போகும். மே மாதத்தில் கால்களுக்கு நடுவே இறுக்கமாக அடித்து உட்காரவைத்தால், ஐப்பசி மழையில் ஒன்று தட்டு நடுவில் வில்லாக எழும்பும், இல்லை காலை வெளியே தள்ளி மூட்டைப் பிளக்கும்.

அதையே 100 மி.மீ. பலகைகளாகத் தனித்தனியே போட்டால் ஒவ்வொன்றும் ஒரு மி.மீ. அளவில்தான் அசையும். அந்த ஒரு மி.மீ.க்கு இடம் விட்டுவிட்டால் பிரச்சினையே இல்லை.

---

கொட்டாப்புளி, மே 3

நார்வாக்கு சொன்னது சரி. நான் மரத்தையும் வேலை முறையையும் சொல்கிறேன்.

ரப்பர்வுட் தப்பில்லை, ஆனால் பட்டறைத் தட்டுக்கு என் தேர்வு அது இல்லை. மருந்தேற்றாத ரப்பர் மரத்தில் உளு (மரத்தைத் துளைத்துத் தூளாக்கும் பூச்சி) கட்டாயம் விழும். கடையில் ஃபிங்கர் ஜாயின்ட் பலகையாக (சிறு துண்டுகளை விரல் கோர்த்தாற்போல ஒட்டியது) வருவது மருந்தேற்றியதுதான் என்றாலும், வீட்டுக்குள் வைக்கிற சாமானுக்குச் செய்தது. மொட்டைமாடிச் சாரல் பட்டால் முதலில் கறுப்புப் பூஞ்சை, பிறகு ஒட்டு விடும்.

உங்கள் ஊரில் சுலபமாகக் கிடைப்பது வேம்பு. சேகு பகுதியாக (மரத்தின் நடுவிலுள்ள கெட்டியான பகுதி) பார்த்து வாங்கினால் உளு நெருங்காது, பாரம் தாங்கும், விலையும் கையைக் கடிக்காது. ஒரே சங்கடம், நார் மாறி மாறி ஓடும். இழைப்புளி ஒரு திசையில் வழவழவென்று போய், நாலு விரல் தாண்டியதும் பிய்த்துக்கொண்டு வரும். தகட்டை நன்றாகத் தீட்டி, சீவல் காகிதம் போல வரும்படி குறைத்து வைத்து இழையுங்கள். இதற்கு மேல் பிய்ந்தால் விட்டுவிடுங்கள், இது சாப்பாட்டு மேசை இல்லை. வேப்பந்தூள் மூக்கையும் தொண்டையையும் எரிக்கும், முகக்கவசம் இல்லாமல் சாண்டர் ஓட்டாதீர்கள்.

வேங்கை இன்னும் கெட்டி. ஈரம் பட்டால் மஞ்சள் சாயம் விடும், அதற்கு மேல் வைக்கும் துணியோ வெளிர் மரமோ கறைபடும். பழைய வீடு இடித்த மரக்கடையில் தேக்குப் பலகை கிடைத்தால் அதுதான் முதல் தரம். ஆனால் காந்தம் வைத்து ஒவ்வொரு அங்குலமும் தடவிப் பாருங்கள். தலை உடைந்து உள்ளே நிற்கும் ஒரு ஆணி போதும், இழைப்புளித் தகட்டில் பல் விழ. பழைய பெயின்ட் இருந்தால் உலர்வாக உரசாதீர்கள், அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்கும். நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைச் சேர்த்துக் கட்டிப் போட்டுவிடுங்கள்.

எந்த மரமானாலும் பட்டையை ஒட்டிய வெளிறு பகுதியைத் தள்ளிவிடுங்கள். உளு முதலில் கை வைப்பது அங்கேதான்.

வாங்க வேண்டியது: 7 அடி நீளம், 5 இஞ்ச் அகலம், 1 இஞ்ச் கனத்தில் அறுத்த பலகை 3. கணக்கு முக்கால் கன அடிக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒவ்வொன்றிலும் 21 இஞ்ச் துண்டு நான்கு, மொத்தம் 12. முனை வெடித்திருந்தால் வெட்டித் தள்ள இடமிருக்கும். கனத்தை 6 நூலுக்கு இழைத்துக் கொண்டுவாருங்கள், அகலத்தை 4 இஞ்ச் இரண்டரை நூலுக்கு. நீளம் கடைசியில் 18 இஞ்ச் 7 நூல், அதாவது உள்ளளவுக்கு ஒரு நூல் குறைவு.

பலகைகளைச் சும்மா பக்கத்தில் பக்கத்தில் போட்டால் இடுக்கு வழியாகச் சீவலும் ஸ்க்ரூவும் கீழே விழும். ஒவ்வொரு பலகையின் ஒரு ஓரத்தில் மேலிருந்தும் மறு ஓரத்தில் கீழிருந்தும் 3 நூலுக்கு 3 நூல் ரிபேட் (படி போன்ற வெட்டு) எடுங்கள். ஒன்றின் உதடு அடுத்ததின் உதட்டில் ஏறி உட்காரும். நாக்கும் காடியும் (ஒன்றின் நீட்டல் அடுத்ததின் பள்ளத்துக்குள் நுழைவது) எடுக்கலாம்தான், ஆனால் நடுவில் ஒரு பலகை உடைந்தால் வரிசையையே கழற்ற வேண்டும். ரிபேட் போதும். டிரிம் ரௌட்டர் இருந்தால் ஒரே தடவையில் 3 நூல் ஆழத்துக்குப் போகாமல் இரண்டு மூன்று தடவையாக எடுங்கள், வேம்பில் ஓரம் தெறிக்கும். முதல் பலகைக்கும் கடைசிப் பலகைக்கும் காலைப் பார்த்த பக்கம் ரிபேட் வேண்டாம்.

இனி உட்காரவைப்பது. முன்சட்டம், பின்சட்டம் இரண்டின் உட்புறத்திலும் 1 இஞ்ச் சதுர ரீப்பரை 48 இஞ்ச் நீளத்துக்கு ஓட்டுங்கள். ரீப்பரின் மேல்முகம் சட்டத்தின் மேல்முகத்துக்கு 6 நூல் கீழே. இங்கே ஃபெவிகால் தாராளமாகப் போடலாம், இரண்டும் ஒரே திசை நார். 8 நம்பர் 2 இஞ்ச் ஸ்க்ரூ, 6 இஞ்ச்சுக்கு ஒன்று. ரீப்பரில் 4.5 மி.மீ. ஓட்டை, சட்டத்தில் ஸ்க்ரூவுக்கு வழிகாட்ட 3 மி.மீ. பைலட் ஓட்டை. கெட்டி மரத்தில் பைலட் ஓட்டை இல்லாமல் ஸ்க்ரூ இறக்கினால் ஒன்று ரீப்பர் பிளக்கும், இல்லை ஸ்க்ரூ தலை முறியும்.

பலகைகளைப் பரப்பும்போது நடுவே அரை நூல் இடைவெளி. ஏ.டி.எம். கார்டு இரண்டைச் சேர்த்துச் செருகினால் சரியாக 1.5 மி.மீ. வரும், அதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். இரு கால் பக்கமும் ஒரு நூல். இப்படிப் போனால் ஒவ்வொரு பலகையும் 4 இஞ்ச் இடம் பிடிக்கும், கடைசிப் பலகை மட்டும் 3 இஞ்ச் 6 நூல் அகலத்துக்கு வரும். அதை எண்ணில் நம்பி முன்கூட்டியே அறுக்காதீர்கள். பதினொன்றையும் ஸ்க்ரூ இல்லாமல் பரப்பி, மீதியை அளந்து அப்புறம் அறுங்கள்.

இந்த இடைவெளி வெயில் காலத்துக்கு. மழைக்காலத்தில் பூட்டுகிறவர்கள் கார்டு வைக்க வேண்டாம், இடைவெளி இல்லாமல் நெருக்கிப் போடலாம். தை மாசிக்குள் தானே இடைவெளி விடும்.

ஸ்க்ரூ ஒவ்வொரு முனைக்கும் ஒன்றே ஒன்று, அகலத்தின் நடுவில். முனைக்கு இரண்டு அடித்தால் அந்த இரண்டுக்கும் நடுவே மரம் சுருங்க வழியில்லாமல் நேராகக் கோடு போட்டாற்போல வெடிக்கும். 8 நம்பர் 1¼ இஞ்ச் போதும், பலகையில் 5 மி.மீ. ஓட்டை போட்டுத் தலை உட்காரக் குழி எடுங்கள்.

பலகை முனையில் தெரியும் வளையங்களைப் பார்த்து வைரப் பக்கம் (மரத்தின் நடுவைப் பார்த்த பக்கம்) மேலே வரும்படி போடுங்கள். காய்ந்து வளையும்போது ஓரங்கள் பட்டைப் பக்கமாகத்தான் திரும்பும். வைரப் பக்கம் மேலே இருந்தால் ஓரம் ரீப்பரை அழுத்தும், நடுவில் இருக்கும் ஸ்க்ரூ பிடித்துக்கொள்ளும். மாறிப் போட்டால் ஓரங்கள் மேலே எழும்பி, டூல் பாக்ஸ் இழுக்கும்போதெல்லாம் தட்டும்.

---

ஒற்றை உளி, மே 4

இவ்வளவு வேலைக்குப் பதில் 18 மி.மீ. பிளைவுட் ஒரே ஷீட்டாகப் போட்டால் என்ன?

---

கொட்டாப்புளி, மே 4

தாராளமாகப் போடலாம். ஊதாது, சுருங்காது, அரை நாளில் முடியும். நடுவில் தாங்கலுக்கு ஒரு குறுக்குக் கட்டையும், முன் ஓரத்துக்கு ஒரு மர விளிம்பும் கொடுத்தால் பல வருடம் வரும். கேட்டவர் கெட்டி மரம் என்று கேட்டதால் அதற்குப் பதில் சொன்னேன். கெட்டி மரத்தில் உள்ள லாபம், ஒரு பலகை கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம், கிரைண்டரை வீசி வைத்தாலும் மேல்தோல் உரியாது.

மேசைக்கு எடை கூடும் என்பதற்காகக் கெட்டி மரம் போடுகிறவர்களும் உண்டு. அதை நம்ப வேண்டாம். இந்த அளவுத் தட்டு இழைத்த பிறகு 7, 8 கிலோதான் வரும். இழைக்கும்போது மேசை நகராமல் நிற்பது தட்டின் மேல் வைக்கிற சாமான் எடையால்.

---

மொட்டைமாடிப் பட்டறை, மே 5

எல்லாருக்கும் நன்றி. குறுக்கே போடுவதாக முடிவு செய்துவிட்டேன். ஒரு விஷயம் முதலில் சொல்ல விட்டுப்போனது. நீளச் சட்டங்களின் உயரம் 2 இஞ்ச்தான். காலின் வெளியிலிருந்து முனைக்கு 2 ஸ்க்ரூ வீதம் 4 இஞ்ச் ஸ்க்ரூ அடித்துப் பூட்டியிருக்கிறது, ஒட்டு கிடையாது. இதன் மேல் 150 கிலோ வைக்கலாமா?

---

மூலைமட்டம், மே 5

அப்படியே வைக்கக் கூடாது. அந்த ஸ்க்ரூக்கள் 3 இஞ்ச் காலைத் தாண்டிச் சட்டத்தின் முனைக்குள் ஒரே ஒரு இஞ்ச் போகின்றன. அதுவும் நாரின் போக்கிலேயே. நாருக்குக் குறுக்கே இறங்கும் மறை மரத்தைக் கவ்வும். நார்ப் போக்கில் இறங்கினால் நாரைப் பிரித்துக்கொண்டு நிற்கும், இழுத்தால் தூளோடு வெளியே வரும். பைன் வேறு மெத்தான மரம். இன்றைக்கு நிற்கும். மேசையில் இழைப்புளி தள்ளத் தள்ள மூட்டு ஆடி, ஓட்டை பெரிதாகி, ஒரு நாள் ஒரு மூலை இறங்கும்.

இரண்டு தனி வேலை இருக்கிறது. பாரத்தைத் தரைக்கு இறக்குவது ஒன்று, மேசை ஆடாமல் மூட்டை இறுக்குவது இன்னொன்று. ஒரே ஸ்க்ரூவிடம் இரண்டையும் கேட்பதால்தான் தோற்கிறது.

பாரத்துக்கு: ஒவ்வொரு காலிலும் சட்டத்துக்கு நேர் கீழே ஒரு தாங்கு கட்டை. 1½ இஞ்ச் சதுரம், 5 இஞ்ச் நீளம், நார் செங்குத்தாக, கால் நாரோடு இணையாக. காலின் உள்முகத்தில், அதாவது எதிர்க்காலைப் பார்த்த முகத்தில், ஒட்டுப் போட்டு 2½ இஞ்ச் ஸ்க்ரூ மூன்று. நார் இணையாக இருப்பதால் இந்த ஒட்டு காலத்துக்கும் நிற்கும். கட்டையின் தலை சட்டத்தின் அடியில் முட்ட வேண்டும், ஒரு காகிதம் நுழையும் இடுக்குக் கூட இருக்கக் கூடாது. சட்டத்தை மேலே தள்ளிப் பிடித்து, கட்டையைக் கீழிருந்து முட்டுக்கொடுத்து கிளாம்ப் போட்டபின் ஸ்க்ரூ இறக்குங்கள். கட்டை தரையைத் தொட வேண்டாம். தரை ஈரம் ஏறும், கரையானுக்கும் ஒரு வழி கூடும்.

இறுக்கத்துக்கு: கட்டில் சட்டம் பூட்டுகிற மாதிரி 3 நூல் கனம், 6 இஞ்ச் நீள போல்ட், முனைக்கு ஒன்று, மொத்தம் 4. காலின் வெளியிலிருந்து பழைய இரண்டு ஸ்க்ரூக்களுக்கும் நடுவே 10 மி.மீ. ஓட்டை, கால் முழுக்கவும் சட்டத்துக்குள் 3¼ இஞ்ச் ஆழமும். சட்டத்தின் உட்புறத்தில், முனையிலிருந்து 2¼ இஞ்ச் தள்ளித் தொடங்கி, 1 இஞ்ச் சதுரத்தில் குழி எடுங்கள். ஆழம் 1 இஞ்ச் 1 நூல், போல்ட் ஓட்டை குழிக்குள் முழுதாகத் தெரிய வேண்டும். வாஷர், நட் போட்டு ஸ்பேனரால் இறுக்குங்கள். குழியின் கால் பக்கச் சுவர் உளியால் செங்குத்தாக, சமமாக இருக்க வேண்டும். சரிவாக விட்டால் வாஷர் ஒரு மூலையில் மட்டும் அழுத்தி பைனுக்குள் புதையும், வாரத்துக்கு ஒரு தடவை இறுக்கிக்கொண்டே இருப்பீர்கள்.

பழைய ஸ்க்ரூக்களைக் கழற்றாதீர்கள். ஒரே போல்ட் மட்டும் இருந்தால் சட்டம் அதையே அச்சாக வைத்துத் திரும்பப் பார்க்கும். ஸ்க்ரூக்கள் அதைத் தடுக்கும்.

குறுக்குச் சட்டத்துக்கும் போல்ட் போட ஆசை வந்தால் உயரத்தைக் குறைந்தது 1 இஞ்ச் மாற்றுங்கள். அதே மட்டத்தில் போட்டால் காலுக்குள் இரண்டு போல்ட்டும் மோதும். தட்டின் பாரம் குறுக்குச் சட்டத்துக்கு வருவதில்லை, அதனால் அது அவசரமில்லை.

---

நார்வாக்கு, மே 5

மூட்டு சரியானாலும் 2 இஞ்ச் உயரச் சட்டம் நடுவில் தொய்யும். 150 கிலோ பரவலாக இருந்தால் ஒவ்வொரு சட்டத்துக்கும் 75 கிலோ. 48 இஞ்ச் இடைவெளியில் 2 இஞ்ச் உயரச் சட்டம் சுமார் 4 மி.மீ. இறங்கும். அதே கனத்தில் 3 இஞ்ச் உயரமாக இருந்திருந்தால் ஒன்றேகால் மி.மீ.தான். உயரம்தான் பலம் கொடுக்கும், கனம் இல்லை.

சட்டத்தை மாற்ற வேண்டாம். கொட்டாப்புளி சொன்ன 1 இஞ்ச் சதுர ரீப்பருக்குப் பதிலாக, 1 இஞ்ச் கனம் 3 இஞ்ச் உயரப் பலகை ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி சட்டத்தின் உட்புறம் ஒட்டி ஸ்க்ரூ அடியுங்கள். மேல்முகம் அவர் சொன்னபடியே 6 நூல் கீழே. சட்டத்தோடு ஒட்டும் பரப்பு 1¼ இஞ்ச், மீதி 1¾ இஞ்ச் சட்டத்துக்குக் கீழே தொங்கும். ரீப்பர் வேலையையும் செய்யும், சட்டத்துக்குத் துணையும் ஆகும். இரண்டும் சேர்ந்து தொய்வு ஒன்றரை மி.மீ.க்குள் வந்துவிடும். ஒட்டும் பரப்பு குறைவாக இருப்பதால் ஸ்க்ரூ வரிசை சட்டத்தின் கீழ் ஓரத்திலிருந்து 5 நூல் மேலே, நேர்கோட்டில் இல்லாமல் சற்று மேலும் கீழுமாக வரட்டும். ஒரே நார்க் கோட்டில் எல்லாம் இறங்கினால் அந்தக் கோட்டிலேயே பிளக்கும்.

வரிசை முக்கியம்: முதலில் மூலைமட்டம் சொன்ன குழி, போல்ட். அதன் பிறகே இந்தப் பலகை. மாற்றிச் செய்தால் குழி பலகைக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். பலகையிலும் அந்தக் குழிக்கு நேரே 1½ இஞ்ச் வாய் வெட்டி விடுங்கள், அப்போதுதான் பின்னால் நட்டை இறுக்க முடியும்.

---

சீவல், மே 6

கொட்டாப்புளி அண்ணன் தட்டைச் சட்டத்தோடு சமமாக வைக்கச் சொல்கிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ரீப்பரை இன்னும் 4 நூல் இறக்கினால் முன்பக்கம் சின்ன விளிம்பு கிடைக்கும். மேசையில் தட்டித் தட்டி வேலை செய்யும்போது உளி, கிளாம்ப் எதுவும் உருண்டு காலில் விழாது.

இன்னொன்று, உயரம். மேல்பலகையில் ஹோல்ட்ஃபாஸ்ட் (மரத்தை மேசையோடு அழுத்திப் பிடிக்கும் வளைந்த இரும்பு) ஓட்டை போடுகிற எண்ணம் இருந்தால் அதன் தண்டு அடியில் இறங்க இடம் வேண்டும். வைஸின் திருகு, அதன் வழிகாட்டித் தண்டுகள் எல்லாம் அடியில்தான் ஓடும். 9 இஞ்ச்சில் தட்டு வருவதால் உங்களுக்கு இடம் நிறைய இருக்கிறது. நிற்கும்போது பாதம் நுழைய அடியிலும் இடம் இருக்கிறது. அந்த உயரத்தை மாற்றாதீர்கள்.

---

கொட்டாப்புளி, மே 6

தம்பி, விளிம்பு வைத்தால் சாமான் நிற்கும், தூளும் நிற்கும். துடைப்பத்தால் ஒரே இழுப்பில் முன்பக்கம் தள்ளிவிட முடியாது. மூலையில் படிந்த தூள் மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதன் மேல் வைத்த இழைப்புளியின் அடிமுகம் ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். விளிம்பு வேண்டும் என்றால் பின்பக்கம் மட்டும், சட்டத்தின் மேல் 1 இஞ்ச் பட்டை ஒன்று அடித்துக்கொள்ளலாம். உருளும் சாமானை டிரேயில் வையுங்கள். இதில் நான் மாற மாட்டேன்.

---

மூலைமட்டம், மே 6

எண்ணெய் பற்றி யாரும் சொல்லவில்லை. ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சம அளவு கலந்து துணியால் தேய்த்து, 15 நிமிடம் கழித்து மிச்சத்தை வழித்துத் துடைத்துவிடுங்கள். மறுநாள் இன்னொரு தடவை, டர்பன்டைன் குறைத்து. பூட்டும் முன்பே ஆறு பக்கமும் அடிக்க வேண்டும், அடிமுகம், ரிபேட், அறுத்த முனை எல்லாம். மேல்முகத்துக்கு மட்டும் அடித்தால் அடிமுகம் ஈரத்தை வேகமாக இழுக்கும், மேல்முகம் மெதுவாக, பலகை வளையும். முனைகள் எண்ணெய் குடித்துக்கொண்டே இருக்கும், நாலு தடவை கூட ஆகலாம்.

தயவுசெய்து அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும். சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேறாமல், நெருப்பே வைக்காமல் தானாகப் பற்றிக்கொள்ளும். மரத்தூள் உள்ள இடத்தில் இதைவிட ஆபத்து வேறில்லை. விரித்துக் கொடியில் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.

தட்டின் மேல் வைக்கும் இரும்புச் சாமானுக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுபிசுத்துத் தூளைப் பிடிக்கும்.

---

மொட்டைமாடிப் பட்டறை, மே 17

வேப்பம்பலகை 3 வாங்கியாயிற்று, 7 அடி, 5 இஞ்ச், 1 இஞ்ச். கடையில் "நன்றாகக் காய்ந்தது" என்றார்கள். ஒவ்வொன்றும் 5 கிலோவை ஒட்டி இருக்கிறது. தாங்கு கட்டை, போல்ட், பக்கப் பலகை மூன்றும் முடிந்துவிட்டன, மேசை முன்னைவிட அசையாமல் நிற்கிறது. பலகைகளை இப்போதே அறுத்துப் பூட்டலாமா, இன்னும் காய வேண்டுமா? ஈரமானி என்னிடம் இல்லை.

---

கொட்டாப்புளி, மே 17

தராசு போதும். மூன்று பலகையையும் மேசை இருக்கும் அதே அறையில் அடுக்குங்கள், நடுவே ஒரே கனத்தில் குச்சிகள், ஒன்றரை அடிக்கு ஒன்று, குச்சிகள் ஒன்றுக்கு நேர் மேல் ஒன்று. மேலே இரண்டு செங்கல். முனைகளில் பெயின்ட்டோ மெழுகோ பூசுங்கள், இல்லாவிட்டால் முனை முந்திக் காய்ந்து வெடிக்கும். வெயிலில் வைக்க வேண்டாம்.

இன்றைய எடையைப் பலகையின் மேலேயே பென்சிலால் எழுதி, 3 நாளுக்கு ஒரு முறை நிறுங்கள். 5 கிலோ இருந்தது பத்து நாளில் 4.7-க்கு வந்தால் மரம் ஈரமாகத்தான் வந்திருக்கிறது, இன்னும் இறங்கும், காத்திருங்கள். ஒரு வாரத்தில் 15 கிராமுக்குள் நின்றுவிட்டால் அறுக்கலாம்.

அறுத்த பிறகும் 12 துண்டையும் ரிபேட் எடுக்காமல் இரண்டு நாள் அடுக்கிலேயே விடுங்கள். உள்ளே இருந்த முறுக்கு அப்போதுதான் வெளியே தெரியும். அதிகம் முறுக்கியதைக் கடைசிப் பலகைக்கு ஒதுக்கிவிடலாம், அதுதான் எப்படியும் ஒடுங்கப் போகிறது.

---

மொட்டைமாடிப் பட்டறை, ஜூன் 9

எடை 4.98, 4.85, 4.79, 4.76, 4.75, 4.75. ஏழாவது தடவையும் 4.75. நாளை அறுக்கிறேன். கார்டு இரண்டு எடுத்து வைத்துவிட்டேன்.